பென் ஹோகனைப் பார்த்து கோல்ஃப் ஸ்விங் கற்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வேலை முடிந்து, பந்து அடித்துப் பழகும் ட்ரைவிங் ரேஞ்சுக்கு வரும் நம்மவர்களில் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் பென் ஹோகனிடம் வந்து சேர்கிறார்கள். கைப்பேசியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். அதில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு மனிதர் பந்தை அடிப்பார். பத்துத் தடவை திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றும். அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். ரேஞ்சிலும் கோப்பிக் கடையிலும் நண்பர்கள் கேட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே வலது கைக்காரரை மனத்தில் வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த ஹோகன்? இன்றைக்கும் அவரை ஏன் பார்க்க வேண்டும்?

1912-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர், 1997-ல் மறைந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்து, கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கும் ஆளாக, வேலை பார்த்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். ஒன்பது மேஜர் (ஆண்டின் மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்கள், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் 64 வெற்றிகள். 1953-ல் ஆறே போட்டிகளில் ஆடி ஐந்தில் வென்றார். மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓப்பன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றும் அந்த ஐந்தில் அடக்கம்.

வெற்றிக் கணக்கில் அவரைத் தாண்டியவர்கள் உண்டு. சாம் ஸ்னீடுக்கு 82 வெற்றிகள், ஜாக் நிக்லஸுக்கு 18 மேஜர்கள். ஆனாலும் கற்பவனுக்கு ஹோகன்தான் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவருடைய ஸ்விங் பிறவியிலேயே வந்ததல்ல, உட்கார்ந்து யோசித்து, மாற்றி மாற்றிக் கட்டியது. 1930-ல் தொழில்முறைக்கு வந்தவருக்குத் தனி ஆட்டக்காரராக முதல் வெற்றி கிடைத்தது 1940-ல்தான். முதல் மேஜர் 1946-ல், வயது 34. அந்த இடைப்பட்ட வருடங்களில் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதற்கு அவரே விட்டுச்சென்ற விளக்கம் இருக்கிறது. 1957-ல் வந்த ‘ஃபைவ் லெசன்ஸ்’ என்ற அவருடைய பயிற்சி நூலில் ஆந்தனி ரவியெல்லி வரைந்த படங்களைப் பார்த்தால் கையில் ஓடும் நரம்புவரை தெரியும். இன்னொன்று, அவர் ஆறடி ஆள் கிடையாது. ஐந்தடி எட்டு, ஒன்பது அங்குலம்தான். நம் உடம்புக்குப் பக்கத்தில் வரும் உடம்பு.

சரி, அவர் செய்வதை அப்படியே செய்தால் போதுமா?

போதாது. சிலருக்கு அது கெடுதலும் செய்யும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இளமையில் ஹோகனைப் படுத்தி எடுத்தது ஹூக். பந்து கிளம்பிய பிறகு இடப்பக்கம் சரேலென்று வளைந்து, விழுந்த வேகத்தில் புதருக்குள் ஓடிவிடும். வளைந்து கொடுக்கும் உடம்பு, நீளமான பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் தூக்கும் அசைவு), மிக வேகமான கைகள். இவை மூன்றும் சேர்ந்தால் பந்தைத் தொடும் நேரத்தில் கிளப்பின் முகம் மூடிக்கொள்ளும், அதாவது இடப்பக்கம் திரும்பிவிடும். இதைத் தடுக்கத்தான் அவர் வழி தேடினார். கிரிப்பில், அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தில், இடது கையை இலக்கின் பக்கம் திருப்பி வைத்தார். இடது கட்டை விரலை மேலே இழுத்துக் குறுக்கினார். பேக்ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகச் சற்று மடித்தார். மூன்றுமே கிளப்பின் முகத்தைத் திறந்து வைக்கும் வேலைகள். முகம் இப்படித் திறந்திருப்பதால், கீழே வரும்போது உடம்பில் உள்ள அத்தனை வேகத்தையும் போட்டு அடித்தாலும் பந்து இடப்பக்கம் ஓடாது. அவருக்கு அது விடுதலை.

இப்போது ரேஞ்சில் உங்கள் பக்கத்து பேயில், அதாவது பக்கத்துத் தடுப்பில், நிற்பவரைப் பாருங்கள். வார இறுதியில் ஆடும் ஆளுக்குப் பெரும்பாலும் இருக்கும் தொல்லை ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து போவது. அவருடைய கிளப் முகம் ஏற்கெனவே திறந்துதான் வருகிறது. அவர் ஹோகனின் கிரிப்பையும் மணிக்கட்டையும் எடுத்துக்கொண்டால் பந்து இன்னும் வலப்பக்கம் போகும். இன்னொருவருடைய மருந்துச் சீட்டைக் காட்டி நமக்கு மருந்து வாங்கிச் சாப்பிடுவது மாதிரியான காரியம் இது.

ஆக, ஹோகனிடம் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று, தன் ஹூக்கை அடக்க அவர் கண்டுபிடித்த தனி வைத்தியம். இன்னொன்று, யாருக்கும் பொருந்தும் அடிப்படை: விரல்களில் அழுத்தம் எங்கே இருக்கவேண்டும், உடம்பு எந்த வரிசையில் திரும்பவேண்டும், முடிக்கும்போது எடை எங்கே இருக்கவேண்டும் என்பவை. முதல் வகையைப் புரிந்துகொள்ளுங்கள், இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஹூக்கா ஸ்லைஸா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏழாம் நம்பர் அயன் கிளப்பை எடுத்து ஒரு பத்துப் பந்து அடியுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயத்தை மட்டும் பாருங்கள்: பந்து எந்தப் பக்கம் கிளம்புகிறது, கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் வளைகிறது.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் கிளப்பின் முகம் பார்க்கும் திசை. வளைவைத் தீர்மானிப்பது, முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். பாதையைவிட முகம் வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும், அது ஸ்லைஸ். இடப்பக்கம் பார்த்தால் ஹூக். ஹோகன் காலத்தில் பந்து ஸ்விங் பாதையில் கிளம்புகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். ராடர் கருவிகள் வந்த பிறகுதான் முகத்தின் பங்கு இவ்வளவு பெரிது என்று ஆட்டக்காரர்கள் பரவலாகத் தெரிந்துகொண்டார்கள். பழைய நூல்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து கிளப்பின் நுனியிலோ அடியிலோ பட்டால் இந்தக் கணக்கு மாறும். அதனால் முதலில் கிளப் முகத்தில் சாக்பீஸ் பொடியைத் தடவி, பந்து எங்கே படுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

கிரிப்பில் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கோணத்தை விட்டுவிடுங்கள்.

இடது கையில் இறுக்கம் இருக்கவேண்டியது கடைசி மூன்று விரல்களில், வலது கையில் நடுவில் உள்ள இரண்டு விரல்களில். ஹோகன் இதில் பிடிவாதமாக இருந்தார். இடது கை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அவர் சொன்ன சோதனையை இப்போதே செய்து பார்க்கலாம். கிளப்பை இடது கையில் பிடியுங்கள். இப்போது ஆள்காட்டி விரலை மடக்கியபடி அதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற விரல்களையும் கட்டை விரலையும் எடுத்துவிடுங்கள். உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கம் இருக்கும் தடித்த சதை கிளப்பை மேலிருந்து அழுத்தவேண்டும். அந்தச் சதையும் மடக்கிய விரலும் மட்டுமே கிளப்பைத் தாங்கினால் பிடி சரி. கிளப் நழுவிக் கீழே சாய்ந்தால், நீங்கள் அதை உள்ளங்கைக்குக் குறுக்கே மிகவும் மேலே பிடித்திருக்கிறீர்கள்.

வலது கையைப் பொறுத்தவரை, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கிளப்பிலிருந்து எடுத்துவிட்டு ஸ்விங் செய்து பழகச் சொன்னார். முயன்று பாருங்கள், அந்த இரண்டு விரலும் இதுவரை எவ்வளவு அட்டகாசம் செய்துகொண்டிருந்தன என்று தெரியும்.

கோணத்துக்கு வருவோம். இடது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு மடிப்பு விழும் அல்லவா, அது வலது கண்ணை நோக்க வேண்டும் என்பது ஹோகன் நூலில் உள்ளது. ஸ்லைஸ் அடிப்பவருக்கு அது போதாது. மடிப்பு வலது தோளை நோக்கும்படி கையைத் திருப்பி, குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு மூன்று விரல் முட்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். இது ஹோகனுக்கு விரோதம் இல்லை. ஹூக் அடித்தவர் முகத்தைத் திறக்கக் கையைத் திருப்பினார், நீங்கள் முகத்தை மூட எதிர்ப்பக்கம் திருப்புகிறீர்கள். அவர் யோசித்த விதமும் உங்களுடையதும் ஒன்றுதான்.

நம் ஊர் வேர்வையையும் இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கை வழுக்கினால் யாராக இருந்தாலும் இறுக்கிப் பிடிப்பார்கள், இறுக்கியதும் முன்கை விறைத்துப்போகும். அப்புறம் எந்த ஜாம்பவானைப் பார்த்தும் பயனில்லை. கிளவ் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். கிளப்பின் ரப்பர் பிடியை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை, பலன் அன்றைக்கே தெரியும்.

சின்ன வயதில் நிறைய கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். அது உதவுமா, கெடுக்குமா?

இரண்டும். முன்காலுக்கு எடையைக் கொண்டுபோவது உங்களுக்கு இயல்பாக வரும், கண்ணும் கையும் ஒத்துழைக்கும். இவை பெரிய முதலீடு. ஆனால் கீழ்க்கையால், அதாவது வலது கையால், இழுத்து அடித்துப் பழகியவர்கள் கோல்ஃபிலும் மேலிருந்து அந்தக் கையாலேயே தொடங்குவார்கள். வலது தோள் முன்னால் பாயும், கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும், பந்து ஸ்லைஸ் ஆகும். வலது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துவிட்டுப் பழகும் மேற்சொன்ன பயிற்சி உங்களுக்கென்றே அமைந்தது. நேராக ஸ்ட்ரெய்ட் டிரைவ் ஆடும்போது மேல்கை எப்படி வழிநடத்தியது என்று உங்கள் உடம்புக்கு நினைவிருக்கும். அந்த நினைவை எடுத்துக்கொள்ளுங்கள், புல் ஷாட்டை மறந்துவிடுங்கள்.

ஹோகன் நிற்கும் விதத்தில் ஏதாவது விசேஷம் உண்டா?

வலது பாதம் இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக, இடது பாதம் மட்டும் கொஞ்சம் வெளியே திரும்பி இருக்கும். வலது பாதம் அப்படி நின்றால் இடுப்பு அளவுக்கு மீறிச் சுழலாது, இடது பாதம் திரும்பியிருந்தால் முடிக்கும்போது உடம்பு தடையில்லாமல் திரும்பும். இடுப்பு இறுகிப்போனவர்கள், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், வலது பாதத்தையும் கொஞ்சம் வெளியே திருப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தோள் முழுசாகத் திரும்பாது.

ஹோகன் நூலில் வரும் அந்தக் கண்ணாடிப் பலகை விஷயம் என்ன?

பந்திலிருந்து உங்கள் இரண்டு தோள்கள்வரை ஒரு பெரிய கண்ணாடிப் பலகை சாய்ந்து நிற்கிறது, அதில் ஒரு ஓட்டை, ஓட்டை வழியாக உங்கள் தலை மட்டும் வெளியே தெரிகிறது என்று கற்பனை செய்யச் சொன்னார். பேக்ஸ்விங்கில் கைகள் அந்தக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மேலே போகக்கூடாது. நூலில் உள்ள படங்களிலேயே அதிகம் பேசப்பட்டது இதுதான்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். கிளப் அந்தப் பலகையிலேயே ஒட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதன் அடியில் இருக்கலாம், மேலே போகக்கூடாது, அவ்வளவுதான். தவிர, கீழே வரும்போது பலகை மாறிவிடும் என்றும் சொன்னார்: சாய்வு சற்றுக் குறைந்து, இலக்குக்குக் கொஞ்சம் வலப்பக்கம் பார்க்கும். மேலே போன வழியிலேயே கீழே வரமுயன்று கஷ்டப்படும் பலருக்கு இந்த இரண்டாவது பாதி தெரிவதில்லை.

டவுன்ஸ்விங்கை, அதாவது கிளப் கீழே வரும் பாதியை, இடுப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறார். நான் செய்தால் பந்து வலப்பக்கம் பறக்கிறதே?

ரேஞ்சில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஹோகன் சொன்னது சரி, கேட்பவர் செய்வது வேறு.

மேலே போகும்போது வரிசை: கைகள், புஜங்கள், தோள்கள், கடைசியில் இடுப்பு. கீழே வரும்போது தலைகீழ்: முதலில் இடுப்பு, அப்புறம் தோள், புஜம், கை. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரிடமும் இந்த வரிசையைப் பார்க்கலாம். ஆனால் ‘இடுப்பைத் திருப்பு’ என்று கேட்டதும் பலர் எடையை வலது காலிலேயே வைத்துக்கொண்டு இடுப்பை வெடுக்கென்று சுழற்றுவார்கள். உடம்பு திறந்துவிடும், கைகள் பின்னால் மாட்டிக்கொள்ளும், முகம் திறந்தபடி பந்தைத் தொடும். பந்து வலப்பக்கம் போகாமல் வேறு எங்கே போகும்?

ஹோகனின் படத்தில் பார்க்கவேண்டிய இடம் பேக்ஸ்விங்கின் கடைசிக் கட்டம். கிளப் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது இடுப்பு இலக்கின் பக்கம் நகரத் தொடங்கிவிடுகிறது. மேலே நின்று நிதானித்துவிட்டு இறங்கவில்லை. கிளப் ஒரு திசையிலும் உடம்பு எதிர்த் திசையிலும் போகும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவருடைய சக்தி இருக்கிறது. முதலில் இடது காலுக்குப் போய்ச்சேர வேண்டும், அப்புறம்தான் சுழற்சி.

இதை உடம்புக்குக் கற்றுக்கொடுக்க நான் சொல்லும் பயிற்சி ஒன்றே ஒன்று. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்று, பாதி வேகத்தில் பேக்ஸ்விங் எடுங்கள். கைகள் வலது தோள் உயரத்துக்கு வரும்போது, அவை நிற்பதற்கு முன்னாலேயே, இடது காலை இலக்கின் பக்கம் ஒரு அடி எடுத்து வையுங்கள். பாதம் தரையில் பதிந்த பிறகு அடியுங்கள். முதலில் பந்து இல்லாமல், அப்புறம் டீ என்ற சின்னக் குச்சியில் வைத்த பந்தோடு. பந்து எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள். கால், இடுப்பு, கை என்ற வரிசை உடம்பில் தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

ஹோகனின் ‘ரகசியம்’ என்கிறார்களே?

1955-ல் லைஃப் பத்திரிகையில் அவரே சொன்னார். இடது கை கிரிப்பை மாற்றியதும், உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் மடித்ததும்தான் அது. ஹூக்கை அடக்கும் வைத்தியம் என்று மேலே சொன்னேனே, அதேதான். அதற்கு மேலும் ஏதோ மறைத்தார் என்று இன்றுவரை தேடுகிறார்கள். தேடுபவர்கள் தேடட்டும். ஸ்லைஸ் அடிக்கும் ஒருவருக்கு அந்த ரகசியத்தால் ஆகப்போவது எதுவும் இல்லை.

பழைய படங்களைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எந்த வருடத்துப் படம் என்று பாருங்கள். 1949 பிப்ரவரியில் நடந்த கார் விபத்துக்கு முந்தைய ஸ்விங் நீளமானது, பிந்தையது அடக்கமானது. இரண்டையும் கலந்து பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்தது, அந்தப் படங்களின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கால ஃபிலிம் பொதுவாக நொடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்). ஒரு டவுன்ஸ்விங் கால் நொடியில் முடிந்துவிடும் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குக் கிடைப்பது ஆறு சட்டங்கள். பந்தைத் தொடும் கணம் அநேகமாக இரண்டு சட்டங்களுக்கு நடுவில் விழுந்து காணாமல் போயிருக்கும். கேமராவும் எங்கே வசதியோ அங்கே வைக்கப்பட்டது. அதன்மேல் கோடு போட்டு ‘இதோ பாருங்கள் கோணம்’ என்று காட்டும் விளக்கங்களை முழுசாக நம்பாதீர்கள்.

ஆனால் வரிசையும் தாளமும் ஆறு சட்டத்திலும் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தொலைக்காட்சிக்காக ஹூஸ்டனில் சாம் ஸ்னீடோடு அவர் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். ஹோகன் 69 அடியில் முடித்து வென்றார், ஸ்னீடுக்கு 72 ஆனது. ஹோகன் ஒரு ஃபேர்வேயையும் (நடுப் புல்வெளி) ஒரு கிரீனையும் (குழி இருக்கும் புல்தரை) தவறவிடவில்லை. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் கிளப்பை முன்னும் பின்னும் அசைத்துக்கொள்கிறாரே, அந்த வேகிளைக் கவனியுங்கள். அது சும்மா செய்வதல்ல. வரப்போகும் அடிக்கு என்ன வேகமோ அதே வேகத்தில் அசைக்கிறார். மென்மையான அடிக்கு மெல்ல, பலமான அடிக்குச் சுருக்கென்று.

அப்புறம் ஒரு நிழற்படம்: 1950 யுஎஸ் ஓப்பன், மெரியன் மைதானம், பதினெட்டாம் குழிக்கு ஒன்றாம் நம்பர் அயனால் அடித்து முடித்த நிலை. ஹை பெஸ்கின் பின்னாலிருந்து எடுத்தது. வலது குதிகால் முழுசாக மேலே தூக்கியிருக்கிறது, உடம்பு மொத்தமும் இடது காலின் மேல், கைகள் உயரே, தலை இலக்கை நோக்கி. உங்கள் ஸ்விங்கை அந்த நிலையில் மூன்று எண்ணும்வரை நிறுத்திவைக்க முடிகிறதா என்று பாருங்கள். தள்ளாடினால், தவறு அதற்கு முன்னால் எங்கோ நடந்திருக்கிறது.

என் ஸ்விங்கை நானே படம் பிடிப்பது எப்படி?

கைப்பேசியில் மெதுவோட்டம் நொடிக்கு 240 சட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோகனின் ஆறு சட்டங்களுக்குப் பதில் உங்களுக்கு அறுபது, எழுபது கிடைக்கும். இரண்டு கோணம் போதும். ஒன்று, உங்களுக்கு நேர் எதிரே, நெஞ்சுக்கு நேராக. இன்னொன்று, இலக்குக்கு எதிர்ப்பக்கம் உங்கள் வலது கைக்குப் பின்னால், உங்கள் கைகள் இருக்கும் உயரத்தில், பாதங்களின் கோட்டுக்கு இணையாக. இந்த இரண்டாவது கோணத்தில் கேமரா கொஞ்சம் இடம் வலம் நகர்ந்தாலும் ஸ்விங் வேறு மாதிரித் தெரியும், ஆகவே ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வையுங்கள். கைப்பேசிப் படத்தில் கிளப்பின் தண்டு வளைந்து தெரிந்தால் பயப்படவேண்டாம், அது கேமரா படத்தை வரி வரியாகப் பதிவு செய்வதால் வருவது. பக்கத்து பேயில் இருப்பவர் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டுக்கொண்டு எடுப்பது மரியாதை.

அண்ணே, ரேஞ்சில் நேராகப் போகிற பந்து மலேசியாவின் ஜொகூர் மைதானத்துக்குப் போனால் ஏன் சொதப்புகிறது?

பாதிக் காரணம் மேட். பந்துக்குப் பின்னால் இரண்டு அங்குலம் தள்ளி அடித்தாலும் ரப்பர் மேட்டில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும், சத்தமும் நன்றாகவே கேட்கும். இங்கேயும் ஜொகூரிலும் மழை பெய்து ஊறிய புல்தரையில் அதே அடி மண்ணில் குத்தி நின்றுவிடும். மேட்டில் பந்துக்கு ஒரு சாண் பின்னால் கைத்துண்டை மடித்து வைத்துவிட்டு அடித்துப் பழகுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை மட்டும் அடித்தால் புல்லிலும் சரியாக வரும். இடது காலுக்கு எடை போய்ச்சேராதவர்களால் இதைச் செய்யவே முடியாது. ஹோகனின் வரிசை வந்துவிட்டதா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

வீட்டில் பயிற்சி செய்யலாமா?

கிரிப்புக்கு வீடுதான் நல்ல இடம். ஒரு கிளப்பைச் சோபா பக்கத்தில் வைத்துக்கொண்டு, செய்தி பார்க்கும்போது பிடித்துப் பிடித்து விடுங்கள். அலமாரிக் கண்ணாடி முன்னால் கிளப் இல்லாமல் உடம்பின் வரிசையை மெதுவாகப் பழகலாம். முழு ஸ்விங் வேண்டாம், தலைக்கு மேல் மின்விசிறி இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கிலும் பூங்காவிலும் கிளப்பை வீசவே கூடாது. குழந்தைகள் எந்தப் பக்கமிருந்து ஓடிவருவார்கள் என்று சொல்லமுடியாது.

ஐம்பது வயது, முதுகு வலி. எனக்கு ஹோகன் சரிப்படுவாரா?

அவருக்கு நடந்ததைக் கேளுங்கள். 1949 பிப்ரவரி 2, டெக்சஸில் பனிமூட்டமான சாலை. எதிரே வந்த பேருந்து ஒன்று காரில் மோதியது. மனைவி வேலரியைக் காப்பாற்ற அவர்மேல் பாய்ந்து விழுந்தார். அப்படிப் பாய்ந்ததுதான் அவர் உயிரையும் காத்தது. இடுப்பெலும்பு, காறை எலும்பு, கணுக்கால் எல்லாம் முறிந்தன, பிறகு ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து வந்தது. அங்கிருந்து பதினாறு மாதத்தில் மெரியனில் யுஎஸ் ஓப்பன் வென்றார். ஒரே நாளில் 36 குழிகள் கால்வலியோடு நடந்து, மறுநாள் சமநிலையைத் தீர்க்கும் பிளேஆஃப் ஆடி 69 அடித்து வென்றார். அதன்பிறகு குறைவான போட்டிகளையே தேர்ந்தெடுத்து ஆடினார், ஸ்விங்கையும் சுருக்கிக்கொண்டார். ஒன்பது மேஜர்களில் ஆறு இந்த விபத்துக்குப் பிறகு வந்தவை.

நம் வயதுக்காரர்கள் பின்பற்றவேண்டியது அந்தப் பிந்தைய ஹோகனை. பேக்ஸ்விங்கைச் சுருக்குங்கள், இடது குதிகால் தூக்கினால் தூக்கட்டும், இடுப்பைத் தோளோடு சேர்த்தே திருப்புங்கள். இடுப்பை இறுக்கி நிறுத்திவிட்டுத் தோளை மட்டும் முறுக்குவது இளம் முதுகுக்கு உரியது. வலி தொடர்ந்து இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஹோகனைத் தவிர வேறு யாரைப் பார்க்கலாம்?

மிக்கி ரைட்டைக் கட்டாயம் பாருங்கள். பெண்கள் டூரில் 82 வெற்றிகள், 13 மேஜர்கள். அவருடைய ஸ்விங்கைத்தான் தான் பார்த்ததிலேயே சிறந்தது என்று ஹோகனே பாராட்டியிருக்கிறார்.

நேரில் பார்க்க நம்மிடம் அருமையான வாய்ப்பு இருக்கிறது. எச்எஸ்பிசி பெண்கள் உலகப் போட்டி 2008-ல் தானா மேராவில் தொடங்கி, இப்போது செந்தோசாவில் நடக்கிறது. ஆண்கள் ஆடுவதைவிட இதைப் பார்ப்பதே நமக்கு அதிகம் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பிஜிஏ ஆட்டக்காரரின் ட்ரைவர் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, பெண்கள் டூரான எல்பிஜிஏ ஆட்டக்காரரின் ட்ரைவர் சுமார் 150. நம்மில் பலருடைய வேகம் இதற்குப் பக்கத்தில்தான். அதே வேகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் எவ்வளவு நேராக, எவ்வளவு தூரம் அடிக்கிறார்கள் என்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். கிரீன் பக்கம் போகாமல் பயிற்சி ரேஞ்சில் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

ஜாக் நிக்லஸின் வலது முழங்கை உச்சியில் உடம்பை விட்டு விலகிப் பறக்கும். ஹோகனுடையது உடம்பை ஒட்டி இருக்கும். இரண்டு பேரும் உச்சம் தொட்டவர்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எது கட்டாயம், எது அவரவர் பாணி என்று கண் தானாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும்.

சிங்கப்பூரில் மைதானத்தில் இறங்க என்ன வேண்டும்?

பல கிளப்களில் ஹேண்டிகேப்போ (ஆட்டத்திறனைக் காட்டும் எண்), தகுதிச் சான்றிதழோ கேட்பார்கள். இடமும் குறைந்துகொண்டே வருகிறது. ஜூரோங், ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப்கள் முன்பே போய்விட்டன. எல்லோரும் ஆடக்கூடியதாக இருந்த மரினா பே மைதானமும் 2024-ல் மூடப்பட்டது. அதனால்தான் நம்மவர்கள் ஒரு ஃப்ளைட், அதாவது ஒன்றாக ஆடும் குழு, சேர்த்துக்கொண்டு ஜொகூர், இந்தோனேசியாவின் பாத்தாம், பிந்தான் என்று கிளம்புகிறார்கள். இடி மின்னல் எச்சரிக்கை ஒலி கேட்டால் எங்கே இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்குங்கள்.

என் கோச் சொல்வது ஹோகன் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறது. யாரை நம்புவது?

கோச்சை. அவர் உங்கள் பந்தைப் பார்க்கிறார், ஹோகன் பார்க்கவில்லை. ஆனால் ஏன் என்று கேளுங்கள். ‘இது என் பந்தின் எந்தத் தவறுக்கு?’ என்ற கேள்விக்கு நல்ல கோச் உடனே பதில் சொல்வார்: உங்கள் முகம் திறந்திருக்கிறது, அதனால் கையை இப்படித் திருப்பச் சொன்னேன் என்பார். அப்படிச் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே கிரிப், ஒரே ஸ்டான்ஸ் என்று கொடுப்பவராக இருந்தால் வேறு கோச்சைத் தேடலாம். போகும்போது இரண்டு கோணத்திலும் எடுத்த படத்தையும், பத்துப் பந்து எந்தப் பக்கம் கிளம்பி எந்தப் பக்கம் வளைந்தது என்ற குறிப்பையும் கொண்டுபோங்கள். முதல் வகுப்பின் பாதி நேரம் மிச்சமாகும்.